‘மெனி’யும் ‘ஃபியூ’வும்: சமனில்லாத ஓர் எதிர்ச்சொல் இணை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எதிர்ச்சொல் பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது நம் பள்ளிகளின் வழக்கம். ‘பிக்’ என்றால் ‘ஸ்மால்’, ‘ஹாட்’ என்றால் ‘கோல்ட்’, ‘மெனி’ என்றால் ‘ஃபியூ’. பக்கத்திலேயே தமிழ்: பல, சில. பட்டியல் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி ஓர் ஆங்கிலச் செய்தியையோ தீர்ப்பையோ படிக்கப் போகிறவர், எழுதியவர் சொல்ல வந்ததற்கு நேர்மாறான பொருளோடு திரும்பி வரக்கூடும். இந்த இரண்டு சொற்களும் தராசின் இரு தட்டுகளைப் போலச் சமமாக அமைந்தவை அல்ல. ‘மெனி’ ஓர் அளவைச் சொல்கிறது. ‘ஃபியூ’ அளவைச் சொல்லும்போதே ஒரு மறுப்பையும் சேர்த்துச் சொல்கிறது. ‘நாட்’, ‘நோ’ என்ற எந்த அடையாளமும் இல்லாமல் அந்த மறுப்பு சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இலக்கணம், தருக்கம், உளவியல் என்று எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் அது தட்டுப்படுகிறது என்பதுதான் வியப்பு.

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘ஃபியூ பீப்பிள் கேம்.’ ‘எ ஃபியூ பீப்பிள் கேம்.’ இருநூறு நாற்காலி போட்ட கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்றால் இரண்டு வாக்கியமும் உண்மையே. எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் முதலாவதைச் சொல்பவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுகிறார்; இரண்டாவதைச் சொல்பவர் வந்து உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரைப் பார்த்துப் பேசுகிறார். ‘எ’ என்ற ஒற்றை ஆர்ட்டிகிள் பார்வையையே திருப்பிவிடுகிறது. ஆர்ட்டிகிள் இல்லாத மொழியிலிருந்து போகும் நமக்கு இது கண்ணில் படாமல் போவதில் ஆச்சரியமில்லை.

தமிழில் இதே வேலையை வேறொன்று செய்கிறது. ‘ஒரு சிலர் வந்தார்கள்’ என்பதற்கும் ‘ஒரு சிலரே வந்தார்கள்’ என்பதற்கும் உள்ள தூரம், ஆங்கிலத்தின் அந்த இரு வாக்கியங்களுக்கு இடையே உள்ள தூரமேதான். தொல்காப்பியம் ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஐந்து பொருள் வகுக்கிறது. ‘சிலரே’ என்பதில் நிற்பது பிரிநிலை: வந்தவர்களை வராதவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது. பேச்சில் ‘கொஞ்சம் பேர்தான் வந்தாங்க’ என்கிற ‘தான்’ அதையே செய்கிறது. ஆங்கிலம் ஒன்றை எடுத்துவிட்டுச் சொல்வதைத் தமிழ் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே ‘ஃபியூ’ என்பதற்கு எதிரே ‘சில’ என்று மட்டும் எழுதும் அகராதி பாதியைத்தான் தருகிறது. ஏகாரமோ ‘தான்’ என்ற சொல்லோ இல்லாத ‘சில’, ‘எ ஃபியூ’வுக்கு உரியது.

நல்ல மொழிபெயர்ப்பாளர்களின் கை இதை இயல்பாகவே உணர்ந்திருக்கிறது. ‘ஃபியூ பீப்பிள் நோ’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை அவர்கள் ‘இது சிலருக்குத் தெரியும்’ என்று எழுதுவதில்லை. ‘இது பலருக்குத் தெரியாது’ என்றுதான் எழுதுவார்கள். மூலத்தில் எதிர்மறைச் சொல் எதுவும் கிடையாது. தமிழில் வினைமுற்றே எதிர்மறையாகிவிடுகிறது. ஒளிந்திருந்த மறுப்பு மொழி மாறும்போது வெளியே வந்துவிடுகிறது. ‘ஃபியூ’வைப் பற்றி எந்த இலக்கண நூலும் தரக்கூடிய விளக்கத்தைவிட இது தெளிவானது என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்துக்குள்ளேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. ‘எனி’, ‘எவர்’ போன்ற சொற்கள் சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் உட்கார மறுப்பவை. மறுப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறவை. ‘நோபடி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ‘எவர்’ சுகமாக இருக்கும். ‘ஃபியூ’ என்று தொடங்குவதிலும் அப்படியே. ஆனால் ‘மெனி’ என்றோ ‘எ ஃபியூ’ என்றோ தொடங்கினால் அதே ‘எவர்’ காதில் உறுத்தும். 1979இல் வில்லியம் லடூஸா தம் முனைவர் பட்ட ஆய்வில் இதன் காரணத்தைத் தருக்கத்தில் தேடினார். ‘பேருந்தில் வந்தவர்கள் சிலரே’ என்றால், ‘அரசுப் பேருந்தில் வந்தவர்கள் சிலரே’ என்பதும் தானாக உண்மையாகிவிடும். பெரிய வட்டத்தைப் பற்றிச் சொன்னது சிறிய வட்டத்துக்கும் செல்லும். ‘பலர்’ என்பதில் ஓட்டம் தலைகீழ்: அரசுப் பேருந்தில் பலர் வந்திருந்தால் பேருந்தில் பலர் வந்தார்கள் என்பது உறுதி; ஆனால் பேருந்தில் பலர் வந்தார்கள் என்பதை வைத்துக்கொண்டு அரசுப் பேருந்தில் எத்தனை பேர் என்று எதுவும் சொல்ல முடியாது. ‘இல்லை’ என்ற மறுப்பும் பெரியதிலிருந்து சிறியதை நோக்கியே ஓடும். எனவே ‘ஃபியூ’ தருக்கத்தின் கணக்கில் மறுப்பின் கூட்டாளி.

1981இல் ஜான் பார்வைஸும் ராபின் கூப்பரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அளவுச் சொற்களை இந்த ஓட்டத்தின் திசையை வைத்து ஏறுமுகம், இறங்குமுகம் என்று வகைப்படுத்தியது. அந்தப் பாகுபாட்டைப் பொருத்திப் பார்த்தால், எண்ணிக்கையில் ‘ஃபியூ’வுக்கு ஒட்டி நிற்கும் ‘எ ஃபியூ’, திசையில் ‘மெனி’யோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ‘குவைட் எ ஃபியூ’ என்ற தொடருக்குக் ‘கணிசமான பேர்’ என்ற பொருள் எப்படி வந்தது என்று குழம்புகிறவர்களுக்கு இங்கே விடை கிடைக்கும். ஏறுமுகமாகத் திரும்பிவிட்ட ‘எ ஃபியூ’வை ‘குவைட்’ இன்னும் மேலே தள்ளுகிறது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லிண்டா மாக்ஸியும் அந்தோணி சான்ஃபோர்டும் 1980களிலிருந்து இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். வாசகர்களுக்கு முன்பு பார்த்ததைப் போன்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அடுத்த வாக்கியத்தை ‘அவர்கள்’ என்று தொடங்கி எழுதச் சொன்னார்கள். ‘எ ஃபியூ’ என்று தொடங்கியதைப் படித்தவர்கள் வந்தவர்களைப் பற்றித் தொடர்ந்தார்கள். ‘ஃபியூ’ என்பதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் வராதவர்களைப் பற்றி எழுதினார்கள்: அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், அவர்களுக்கு வேறு வேலை இருந்தது என்பதுபோல. முதல் வாக்கியத்தில் வராதவர்களைக் குறிக்கும் சொல்லே கிடையாது. ஆனாலும் ஒரு பிரதிப்பெயர் போய் அவர்களைத் தொட்டுவிடுகிறது. தமிழில் இந்த அளவுக்குப் போக முடியாது என்பது என் காதின் தீர்ப்பு. ‘சிலரே வந்தார்கள். அவர்கள் வீட்டில் தூங்கிவிட்டார்கள்’ என்றால் கேட்பவர் தடுமாறுவார்; ‘மற்றவர்கள்’ என்று சொல்லியாக வேண்டும். மாக்ஸியும் சான்ஃபோர்டும் 1993இல் வெளியிட்ட நூல், அளவுச் சொற்களை எண்களுக்கான மாற்றாகப் பார்ப்பது போதாது என்று வாதிடுகிறது. ‘ஃபியூ’வும் ‘எ ஃபியூ’வும் பிரிவது எண்ணால் அல்ல, கவனம் போகும் இடத்தால்.

‘மெனி’ இந்த அளவுக்குச் சிக்கலானதல்ல. ஆனாலும் அதற்கென்று ஒரு நிலையான எண் கிடையாது. ஊருக்குள் ஆறு யானைகள் புகுந்தால் அது ‘பல’. தேரோட்டத்துக்கு ஆறு பேர் வந்தால் அதைப் ‘பலர்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். எதிர்பார்ப்பே இங்கே அளவுகோல். ஸ்வீடன் நாட்டுத் தருக்கவியலாளர் டாக் வெஸ்டர்ஸ்டால் 1980களின் நடுவில் முன்வைத்த ஓர் எடுத்துக்காட்டு இன்றுவரை விவாதிக்கப்படுகிறது: ஸ்காண்டிநேவியர் பலர் இலக்கிய நோபல் பெற்றிருக்கிறார்கள். 1984 வரை பரிசு பெற்ற 81 பேரில் 14 பேர், பின்லாந்து, ஐஸ்லாந்து நாட்டவர் உட்பட, அந்தப் பகுதியினர். கோடிக்கணக்கான ஸ்காண்டிநேவிய மக்களில் 14 என்பது ஒன்றுமே இல்லை. ஆனாலும் வாக்கியத்தைக் கேட்டவுடன் ‘ஆமாம்’ என்கிறோம். ஏனென்றால் நம் மனம் ஸ்காண்டிநேவியரின் தொகையோடு ஒப்பிடவில்லை. பரிசு பெற்றவர்களின் தொகையோடு ஒப்பிடுகிறது. வாக்கியத்தில் எழுவாயாக இருப்பது ஒன்று, அளவுகோலாக இருப்பது வேறொன்று. ஆங்கில ஆய்வறிக்கை ஒன்றில் ‘மெனி பேஷன்ட்ஸ்’ என்று வரும்போது ‘எந்தத் தொகையில்?’ என்று கேட்கும் பழக்கம் வாசகருக்கு வேண்டும்.

பயன்பாட்டில் இன்னொன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அன்றாடப் பேச்சின் உடன்பாட்டு வாக்கியங்களில் ‘மெனி’யைக் குறைவாகவே புழங்குகிறார்கள், ‘எ லாட் ஆஃப்’ என்பதுதான் அங்கே வரும். ‘மெனி’ கேள்விக்கும் மறுப்புக்கும் எழுத்து நடைக்கும் ஒதுங்கிவிட்டது. நாமோ ‘ஸோ மெனி’ என்பதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ‘எத்தனையோ பேர்’ என்ற நம் வழக்கின் நிழல் அதில் விழுந்திருக்கிறது என்பது என் ஊகம். ‘ஹவ் மெனி’ என்பது அவர்களுக்கு நடுநிலைக் கேள்வி. ‘ஹவ் ஃபியூ’ என்று கேட்டால் குறைவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதாகும். அளவைக் கேட்கும் உரிமையை ஆங்கிலம் பெரிய பக்கத்துக்கே கொடுத்திருக்கிறது. தமிழின் ‘எத்தனை’ இரண்டு பக்கமும் சாயாதது.

ஆங்கில அரசியலில் இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ‘தி’ என்ற ஆர்ட்டிகிளோடு வழங்கின. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் கூடியபோது குதிரைப்படை அவர்கள்மேல் பாய்ந்தது. இத்தாலியில் இருந்த கவிஞர் ஷெல்லி செய்தியைக் கேட்டு எழுதிய ‘தி மாஸ்க் ஆஃப் அனார்க்கி’ என்ற நீண்ட கவிதை, மக்களைப் பலர் என்றும் ஆள்வோரைச் சிலர் என்றும் எதிரெதிரே நிறுத்தி முடிகிறது. அவர் உயிரோடு இருந்தவரை அதை வெளியிட முடியவில்லை, 1832இல்தான் அச்சேறியது. 1995இல் டோனி பிளேர் தலைமையில் தொழிற்கட்சி தன் அமைப்பு விதியின் நான்காம் பிரிவைத் திருத்தி எழுதியபோது, அதிகாரமும் செல்வமும் வாய்ப்பும் சிலரிடமன்றிப் பலரிடம் இருக்க வேண்டும் என்ற வாசகத்துக்கு இதே இணையைப் பயன்படுத்தியது. பிளேரின் பாதையைக் கடுமையாக எதிர்த்து, பின்னாளில் அதே கட்சிக்குத் தலைவரான ஜெரமி கோர்பின், 2017இல் தம் தேர்தல் அறிக்கைக்கு அந்த இணையையே தலைப்பாக்கினார்.

இந்த மரபில் ‘தி ஃபியூ’ என்றால் சுரண்டுவோர். ஆனால் 1940 ஆகஸ்ட் 20 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசியபோது அதே சொல் நேர் எதிரான மதிப்பைப் பெற்றது. ஜெர்மனியின் வான்படையை எதிர்கொண்ட போர்விமானிகளுக்கு ஒரு தேசமே பட்டிருக்கும் கடனைச் சொல்ல அவர் ‘மெனி’யையும் ‘ஃபியூ’வையும் ஒரே மூச்சில் எதிர்வைத்தார். அதற்குப் பின் அந்த ஏறத்தாழ 3,000 வீரர்களுக்கு ‘தி ஃபியூ’ என்பதே பெயராகிவிட்டது. இரண்டு இடங்களிலும் ‘தி’ வந்ததும் மறுப்பு விலகிக்கொள்கிறது. யார் இல்லை என்ற பேச்சு அங்கே இல்லை. அடையாளம் தெரிந்த ஒரு சிறு கூட்டம் நம் முன் நிற்கிறது.

இந்தச் சொற்களின் ஒப்பீட்டு வடிவங்களில்தான் ஆங்கிலேயர்களே அதிகம் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ‘ஃபியூ’ பழமையான சொல். லத்தீனின் ‘பௌகுஸ்’, பிரெஞ்சின் ‘பூ’ எல்லாம் அதன் உறவு. லத்தீனில் ‘ப’ இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஃப’ வரும் என்ற விதி ‘பாட்டெர்’ என்பதையும் ‘ஃபாதர்’ என்பதையும் இணைப்பதுபோல இவற்றையும் இணைக்கிறது. ‘ஃபியூ’வுக்கு ‘ஃபியூவர்’ என்று சொந்தமான ஒப்பீட்டு வடிவம் உண்டு. ‘மெனி’க்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை, ‘மோர்’ என்பதைக் கடன் வாங்குகிறது. அந்த ‘மோர்’ முதலில் ‘பெரிய’ என்ற பொருளுக்கு உரியது. எண்ணிக்கையில் கூடுதல் என்பதற்குப் பழைய ஆங்கிலம் ‘மோ’ என்ற தனிச் சொல்லை வைத்திருந்தது. 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில்கூட அந்த ‘மோ’ உயிரோடு இருக்கிறது. பிறகு அது வழக்கொழிந்தது. எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் ‘மோர்’ ஒன்றே போதும் என்றாயிற்று. அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

கீழ்ப்பக்கத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. ‘லெஸ்’ என்ற சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணக்கூடிய பெயர்களோடும் வந்துகொண்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னரின் பெயரால் வழங்கும் போயித்தியஸ் மொழிபெயர்ப்பிலேயே ‘குறைந்த சொற்கள்’ என்பதற்கு அது வருகிறது. அக்காலத்தில் அதன் பின் வந்த பெயர் ஆறாம் வேற்றுமையில் நின்றது. ‘சொற்களில் குறைவானது’ என்பது அதன் அமைப்பு. வேற்றுமை உருபுகள் தேய்ந்தபின் ‘லெஸ்’ஸும் பன்மைப் பெயரும் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டன. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கிலப் பயன்பாடு குறித்து ஒரு நூல் எழுதினார். எண்ணிக்கையைச் சொல்லுமிடத்தில் ‘லெஸ்’ஸைவிட ‘ஃபியூவர்’ நயமாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாக அதில் குறிப்பிட்டார். ஒருவரின் ரசனை அது. பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் அதை விதியாக்கினார்கள். விதி தேர்வுத்தாளுக்குள் வந்தது. தவறினால் மதிப்பெண் போகும் என்றாயிற்று.

2008இல் பிரிட்டனின் டெஸ்கோ பல்பொருள் அங்காடி, பத்துப் பொருளுக்கு மேல் வாங்காதவர்களுக்கான வரிசைப் பலகையில் ‘லெஸ்’ இருப்பதா ‘ஃபியூவர்’ இருப்பதா என்ற நீண்டகாலப் புகாரைத் தவிர்க்க, இரண்டையும் விட்டுவிட்டு ‘பத்து வரை’ என்று பொருள்படும்படி பலகையை மாற்றியது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றுண்டு. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 170ஆவது உறுப்பு, மாநிலச் சட்டப்பேரவையில் 500 பேருக்கு மிகாமலும் 60 பேருக்குக் குறையாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் நிற்பது ‘லெஸ்’, ‘ஃபியூவர்’ இல்லை. உறுப்பினர்கள் எண்ணக்கூடியவர்கள்தான். சொல்லுக்குச் சொல் விவாதித்து எழுதிய நிர்ணய சபைக்கு அது பிழையாகப் படவில்லை, படவேண்டியதும் இல்லை. எண்ணோடு வரும்போதும், பணம், தூரம், காலம், விழுக்காடு பற்றிப் பேசும்போதும் ‘லெஸ்’ ஆங்கிலத்தின் இயல்பான வழக்கு. பள்ளித் தேர்வுக்காக விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் ‘லெஸ்’ எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ணுவது நியாயமில்லை. ‘குறைவு’ என்ற ஒரே சொல்லை நீருக்கும் நாற்காலிக்கும் சேர்த்துப் புழங்கும் தமிழர்களாகிய நாம் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர வேண்டியதில்லை. நம் வகுப்பறைகளில் ‘லெஸ்–ஃபியூவர்’ விதிக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது ‘ஃபியூ–எ ஃபியூ’ வேறுபாட்டுக்குக் கிடைக்க வேண்டும். முதலாவது தவறினால் ஒரு மதிப்பெண் போகும். இரண்டாவது தவறினால் பொருளே போய்விடும்.

குறைவைச் சுட்டும் சொற்கள் மனத்துக்குக் கூடுதல் சுமை என்பதற்கும் ஆதாரங்கள் உண்டு. 1968இல் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜார்ஜ் பால்ஃபரும் மூன்றரை முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் அட்டையில் செய்த இரண்டு ஆப்பிள் மரங்களைக் காட்டினார்கள். எதில் ஆப்பிள் அதிகம் என்றபோது குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். எதில் குறைவு என்றபோதும் பெரும்பாலும் அதிகம் உள்ள மரத்தையே காட்டினார்கள். ‘லெஸ்’ என்றால் ‘மோர்’ என்றே குழந்தைகள் புரிந்துகொள்கிறார்களோ என்று பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 1978இல் சூசன் கேரி ‘டிவ்’ என்று பொருளே இல்லாத ஒரு சொல்லைப் புனைந்து, கோப்பையில் ‘டிவ்’ தேநீர் இருக்கும்படி செய்யச் சொன்னார். குழந்தைகள் தேநீரை ஊற்றினார்கள். அளவைப் பற்றிய கேள்வி என்பது மட்டும் புரிந்து சொல்லின் திசை தெரியாதபோது பிள்ளை மனம் கூட்டும் பக்கம் போகிறது. ‘லெஸ்’ஸுக்குத் தவறான பொருள் அவர்களிடம் இருந்திருக்க வேண்டியதில்லை, முழுப் பொருள் இன்னும் வந்து சேராமல் இருந்திருக்கலாம்.

பெரியவர்களிடமும் இதன் சாயல் தொடர்கிறது. மார்செல் ஜஸ்ட்டும் பட்ரீஷியா கார்ப்பென்டரும் 1971இல் புள்ளிகள் உள்ள படங்களைக் காட்டி, கூடவே தந்த வாக்கியம் சரியா தவறா என்று கேட்டார்கள். ‘மெனி’யைவிட ‘ஃபியூ’ உள்ள வாக்கியங்களைச் சரிபார்க்கக் கூடுதல் நேரம் பிடித்தது. வெளிப்படையான மறுப்பு உள்ள வாக்கியங்களிலும் இப்படித்தான் நேரம் கூடுகிறது. 1987இல் அன் லூயிஸும் ரிச்சர்ட் மேயரும் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த எளிய வாக்கியக் கணக்குகளில், ‘குறைவு’ என்ற சொல் வந்தும் கூட்ட வேண்டியிருந்தால், அல்லது ‘அதிகம்’ என்ற சொல் வந்தும் கழிக்க வேண்டியிருந்தால், பிழைகள் பெருகின. சொல் ஒரு திசையைக் காட்ட, செய்ய வேண்டிய கணக்கு எதிர்த்திசையில் இருந்ததுதான் சிக்கல்.

நம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழிலேயே இதைக் கொடுத்துப் பார்க்கலாம். ‘குமரனிடம் 12 புளியங்கொட்டைகள் உள்ளன. அது மீனாவிடம் உள்ளதைவிட 5 குறைவு. மீனாவிடம் எத்தனை?’ ‘குறைவு’ என்ற சொல்லைக் கண்டதும் கை கழித்தலுக்குப் போகும். 7 என்று விடை வரும். கழித்தலோ கூட்டலோ தெரியாததால் வந்த பிழை அல்ல அது. வாக்கியத்தில் குறைவு யார் பக்கம் என்று திரும்பிப் பார்க்காமல், சொல் தள்ளிய திசையில் போனதால் வந்தது. எண்களை மூடிவைத்துவிட்டு, ‘இரண்டு பேரில் யாரிடம் அதிகம்?’ என்று மட்டும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டும். ‘மீனாவிடம்’ என்ற பதில் பிள்ளையின் வாயிலிருந்து வந்த பிறகு எண்களைத் திறக்கலாம்.